ஜெர்மனியில் ஊர் சுற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"படிக்கப் போன பய வாராவாரம் ஊரு சுத்திட்டு அலையுதான்" என்ற புலம்பல் பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பிள்ளையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வாரம் கொலோன் கோபுரம், மறுவாரம் பனிமலை. பார்க்கிற பெற்றோருக்குக் காசும் போகிறது, படிப்பும் போகிறது என்ற கவலை. வெளிநாட்டுக் கல்வி பற்றி நாளிதழ்களில் விசா, கடன், மொழித்தேர்வு என்று நிறைய வருகிறது. வார இறுதியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அக்டோபரில் குளிர்காலப் பருவம் தொடங்கும் முன் பெட்டி கட்டும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருப்பது நல்லது. ஊர் சுற்றிக் கெட்டவர்களைவிட, டிக்கெட் விதி தெரியாமல் சுற்றிக் காசைத் தொலைத்தவர்களே அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

முதலில் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். ஜெர்மன் மாணவர் விசாவுக்காக வங்கியில் முடக்கிவைக்கும் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக ம்யூனிக்கில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. லைப்சிக், ஹாலே, கெம்னிட்ஸ் போன்ற கிழக்கத்தி ஊர்களில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆகவே மாதத்துக்கு இரண்டு பயணம் போதும்: ஒன்று காலையில் போய் இரவு திரும்புவது, இன்னொன்று வேண்டுமானால் ஓர் இரவு தங்குவது. பிப்ரவரியும் ஜூலையும் பெரும்பாலான இடங்களில் தேர்வுக் காலம். அப்போது இந்த இரண்டும் வேண்டாம்.

இந்தக் கணக்குக்குள் ஊர் சுற்ற வைப்பது டாய்ச்லான்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் இதன் மாணவர் வடிவம் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடும். சேர்க்கைக் கடிதத்தைச் சரியாகப் படிக்காமல் தனியாக இன்னொன்று வாங்கி இரட்டைக் காசு கட்டுகிறவர்கள் உண்டு. தனியாக வாங்கினால் அது மாதச் சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், 11-ஆம் தேதி நினைவு வந்தால் அடுத்த மாதக் காசும் போகும். ஊருக்கு விடுமுறையில் வரும் பிள்ளைகள் மறக்கும் முதல் விஷயம் இதுதான்.

இந்த டிக்கெட் நாடு முழுக்க வட்டார ரயில்களில் செல்லும்: ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் என்ற புறநகர் ரயில். டிராம், சுரங்க ரயில், நகரப் பேருந்து எல்லாம் சேர்த்தி. ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. ஆகிய விரைவு ரயில்களில் செல்லாது. செங்கோட்டை பாசஞ்சர் சீட்டை வைத்துக்கொண்டு வந்தே பாரத்தில் ஏறினால் என்ன ஆகுமோ அதே கதைதான், அபராதம்தான் யூரோவில். வட்டாரப் போக்குவரத்தில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. "தெரியாமல் ஏறிவிட்டேன்" என்பது அங்கே எடுபடாது. டிக்கெட் பெயரில் பதிவானது, கூடவே படம் உள்ள அடையாள அட்டையும் காட்ட வேண்டும். போனில் சார்ஜ் இல்லையென்றால் டிக்கெட்டும் இல்லை என்றே பரிசோதகர் எடுத்துக்கொள்வார். பெயரில் உள்ள டிக்கெட்டைக் கெடுவுக்குள் அலுவலகத்தில் காட்டினால் பெரும்பாலும் 7 யூரோவோடு விட்டுவிடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 60-ஐயும் கட்டிவிட்டு அழுகிறார்கள். இயந்திரத்தில் வாங்கும் காகித டிக்கெட்டானால் பல நகரங்களில் அதைச் சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட் வாங்காத டிக்கெட்டுக்குச் சமம்.

ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியில் தேடும்போது டாய்ச்லான்ட் டிக்கெட் செல்லும் இணைப்புகளை மட்டும் காட்டும்படி வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். ரயில் மாறும் நேரத்தையும் அங்கேயே கூட்டி வைக்க வேண்டும். செயலி தானாக ஐந்து நிமிடத்தில் மாறச் சொல்லும், ஆனால் ஜெர்மன் ரயில் நேரந்தவறாமை என்பது இப்போது பழம்பெருமை. பதினைந்து நிமிடமாவது வையுங்கள். வட்டார ரயில் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் ஐ.சி.இ.யில் ஏறிக்கொள்ளும் உரிமை இந்த டிக்கெட்டுக்குக் கிடையாது. எனவே திரும்பும்போது கடைசி ரயிலுக்கு முந்தின ரயிலைக் குறிவைப்பதே புத்திசாலித்தனம். போக ஒரு வழி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரை ஒரு நாள் பயணத்தில் வைக்க வேண்டாம். ஐந்து மணி நேரம் போய் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்திலேயே போய்விடும்.

விரைவு ரயில்தான் வேண்டுமென்றால் முன்கூட்டி வாங்கும் சலுகை டிக்கெட் இருக்கிறது, அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும். போய்ச் சேருவது இருபது நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும், வேறு ரயிலில் போகலாம். அறுபது நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். நம் பிள்ளைகள் கேட்பதில்லை. கேளுங்கள், சங்கடம் ஒன்றுமில்லை. பான்கார்டு என்ற தள்ளுபடி அட்டை வாங்குகிறவர்கள், கெடுவுக்குள் ரத்து செய்யாவிட்டால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைக்கவும்.

இனி ரயில் பிரியும் விஷயம். ஒரு காலத்தில் குருவாயூர் எக்ஸ்பிரஸில் வந்த தூத்துக்குடிப் பெட்டிகளை வாஞ்சி மணியாச்சியில் கழற்றிவிட்டது ஊரில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மாறி உட்கார்ந்தவர் நேரே நெல்லைக்கு வந்து இறங்குவார். ஜெர்மனியில் இது அன்றாடம். ம்யூனிக்கிலிருந்து மலையடிவார ஏரிகளுக்குப் போகும் ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஹெனில் ஒரு முறையும் ஷாஃப்ட்லாஹில் ஒரு முறையும் பிரிந்து, பாய்ரிஷ்ட்ஸெல், லெங்க்ரீஸ், டேகர்ன்ஸே என மூன்று ஊருக்குப் போகும். எந்தப் பகுதி எங்கே போகிறது என்று பெட்டியின் பக்கவாட்டுப் பலகையிலும் நடைமேடைத் திரையிலும் இருக்கும். ஏறும் முன் படியுங்கள். கூட்டத்தில் கிடைத்த கதவில் ஏறிவிட்டால், ரயிலுக்குள்ளேயே நடந்து அடுத்த பகுதிக்குப் போக முடியாமல் இருக்கலாம்.

தண்டவாள வேலைகளும் வார இறுதியில்தான் நிறைய நடக்கும். அப்போது "எஸ்.இ.வி." என்று எழுதிய மாற்றுப் பேருந்து விடுவார்கள். அது நிலைய வாசலில் நிற்க வேண்டும் என்பதில்லை, ஐந்நூறு மீட்டர் தள்ளியும் நிற்கும். ஒரு மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமாகிவிடும். வெள்ளிக்கிழமை இரவு ஒரு முறை, சனிக்கிழமை காலை கிளம்பும் முன் ஒரு முறை செயலியைப் பாருங்கள். திரையில் "ஃபெல்ட் அவுஸ்" என்று வந்தால் ரயில் ரத்து. அறிவிப்பில் "ஹொய்ட்டெ ஃபொன் க்லைஸ்" என்று கேட்டால் நடைமேடை மாறிவிட்டது, அடுத்து வரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள், பேக்கரிகள், பெட்ரோல் பங்குகள் தவிர எதுவும் கிடைக்காது. பவேரியாவில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கே சூப்பர்மார்க்கெட் சாத்திவிடுவார்கள். திருநெல்வேலி சந்திப்பில் நள்ளிரவிலும் இட்லி கிடைக்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சிதான். புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொண்டு போவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை, ரயிலில் சாப்பிடத் தடையும் இல்லை. கருவாட்டுக் குழம்பு மட்டும் அறையோடு இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். "கைன் ட்ரிங்க்வாஸர்" என்று எழுதிய குழாயில் மட்டும் பிடிக்க வேண்டாம். ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்தே வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். சைவப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: இறைச்சி இல்லை என்று சொல்லும் உருளைக்கிழங்கு வறுவலிலும் பயறு சூப்பிலும் ஷ்பெக் என்ற பன்றிக் கொழுப்புத் துண்டு கிடக்கலாம். "ஓனெ ஷ்பெக்" என்று சொல்லிக் கேட்பது நல்லது.

எங்கே போவது? நம் பிள்ளைகளில் பாதிப்பேர் முதலில் ஓடுவது நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு. 1869-இல் இரண்டாம் லுட்விக் மன்னன் கட்டத் தொடங்கியது, அவன் 1886-இல் இறக்கும்போதும் முடியவில்லை. ம்யூனிக்கிலிருந்து ஃப்யூஸனுக்கு வட்டார ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஹோஹென்ஷ்வாங்காவுக்குப் பேருந்து, பிறகு முப்பது நாற்பது நிமிட ஏற்றம். உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட். அந்த நேரம் தவறினால் டிக்கெட் வீண். ரயில் ஃப்யூஸனுக்கு வந்து சேரும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிய நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. பனி பெய்தால் கோட்டையை எதிரே நின்று பார்க்கும் மரியன் பாலத்தை மூடிவிடுவார்கள். எல்லோரும் போடும் அந்தப் படத்துக்காகவே போகிறவர்கள் ஜனவரியில் ஏமாந்து திரும்புவார்கள்.

எங்கள் தேர்வு ரைன் பள்ளத்தாக்குதான். மைன்ட்ஸிலிருந்து கோப்லென்ட்ஸ் போகும் ஆர்.பி.26 ரயிலில் வலப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்தால், பிங்கன் தாண்டியதும் ஆறும் திராட்சைத் தோட்டங்களும் குன்றுக் கோட்டைகளும் கூடவே வரும். லோரெலை பாறையும் அந்தப் பக்கம்தான். 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பகுதி. பாஹாராஹிலோ சாங்க்ட் கோஆரிலோ இறங்கி இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த ரயிலில் போகலாம். கோப்லென்ட்ஸில் மோசல் ஆறு ரைனில் கலக்கிறது. சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியில் சேருவதைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இராது. ஆனால் அவர்கள் அந்த முனையைக் கல்தளம் போட்டுக் காத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வரலாம். கிழக்கே ட்ரெஸ்டனில் படிப்பவர்கள் எஸ்1 ரயிலில் ராத்தன் போய், மோட்டார் இல்லாமல் நீரோட்ட விசையிலேயே நகரும் கம்பிவடப் படகில் எல்ப ஆற்றைக் கடந்து பாஸ்டை பாலத்துக்கு ஏறலாம். உல்ம் தேவாலயக் கோபுரத்துக்கு 768 படி, கொலோன் தெற்குக் கோபுரத்துக்கு 533. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. பிளாக் ஃபாரஸ்ட் எனும் கருங்காட்டில் இரவு தங்கினால் பல ஊர்களில் கோனுஸ் என்ற விருந்தினர் அட்டையைத் தருவார்கள். அதைக் காட்டினால் அந்தப் பகுதிப் பேருந்தும் ரயிலும் இலவசம். விடுதிக்காரர் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பருவம் பார்த்துப் போவது முக்கியம். ஏப்ரலில் குற்றாலம் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அதுபோல நவம்பரில் ஆல்ப்ஸ் போனால் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நின்றிருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், நகரங்களின் கிறிஸ்துமஸ் சந்தைதான் அப்போது கதி. அங்கே கோப்பைக்கு முன்பணம் உண்டு. க்ளூவைன் என்பது சுடவைத்த திராட்சை மது, கின்டர்புன்ஷ் மது இல்லாதது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். அன்று காலை ரயிலைக் கைக்கடிகாரத்தை நம்பிப் பிடிக்கப் போகாதீர்கள். நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. "பிள்ளை போனை எடுக்கலியே" என்று அம்மாக்கள் பதறும் முன் இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லை தாண்டுவதில்தான் உண்மையான ஆபத்து. மாணவர் வதிவிட அனுமதி உள்ளவர் பொது விசா முறையில் சேர்ந்த மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், நகலோ போன் படமோ போதாது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும் ரயில்களில் காவலர் ஏறுவது சகஜம். டாய்ச்லான்ட் டிக்கெட் சால்ஸ்பர்க் முதன்மை நிலையம் வரை செல்லும், அந்த ஊர் நகரப் பேருந்தில் செல்லாது. அனுமதி காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருப்பவர்கள், இடைக்காலச் சான்று மட்டும் கையில் இருந்தால், அயலார் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்டவே வேண்டாம். அதில் எந்தச் சட்டப்பிரிவுக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பயண உரிமை மாறும்.

சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இந்த ஒரு வரியால் வரும் செலவுகள் பல. ஜெர்மன் சிம்மில் ரோமிங் அங்கே பல திட்டங்களில் சேராது. பாசலை ஒட்டிய ஊர்களிலும் கான்ஸ்டன்ஸிலும் ஜெர்மன் பக்கம் நிற்கும்போதே போன் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துவிடும், டேட்டாவை அணைத்து வையுங்கள். ஜெர்மன் தடித்த உருண்டை பிளக் அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது, தட்டையான போன் சார்ஜர் நுழையும். எல்லாவற்றிலும் பெரியது மருத்துவம். ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் உள்ள ஐரோப்பிய அட்டை ஆஸ்திரியாவில் நமக்குச் செல்லும். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சுவிட்சர்லாந்தில் செல்லாது. கூடப் போகும் ஜெர்மன் நண்பருக்குச் செல்லுகிறதே என்று நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீட்டைத் தனியாக எடுங்கள், ஓர் ஆண்டுக்கு ஒருவேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசுதான் ஆகும். மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அதில் உண்டா என்று கேட்டு எடுங்கள். ரயிலுக்குச் சலுகை நாள் பாஸ் இருக்கிறது: பாதிக்கட்டண அட்டை இல்லாதவருக்கு 52 ஃப்ராங்க் முதல், ஆறு மாதம் முன்பே விற்பனை தொடங்கும். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

சுவிஸ் மலையில் மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் செங்குத்தான மலைப்பாதை, கணுக்கால் மூடிய பூட்ஸ் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை நமக்கானது அல்ல. பலகையில் எழுதியிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு, படம் எடுப்பவர்கள் பாதி கூட்டிக்கொள்ளவும். அவசர எண் எங்கும் 112, சுவிஸ் வான்மீட்பு 1414.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. குறுக்குத்துறையில் நீந்திப் பழகிய தைரியம் ரைனில் உதவாது. கரையிலிருந்து பார்க்க அமைதியாக இருக்கும். சரக்குக் கப்பல் கடக்கும்போது கரைத் தண்ணீர் உள்ளே இழுபட்டுத் திரும்ப அலையாக வரும், முழங்கால் ஆழத்தில் நிற்பவரையும் தள்ளிவிடும். ஆல்ப்ஸ் ஏரிகள் ஜூலையிலும் குளிர்ந்தே இருக்கும். சட்டென்று குதித்தால் மூச்சு திணறும், நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படித்தான். பெர்ன் நகரில் கோடையில் ஆறே ஆற்றில் மக்கள் மிதந்து போவதைப் பார்த்து ஆசை வரும். சிவப்புக் கைப்பிடி உள்ள இடங்களில்தான் கரையேற முடியும், கடைசிக் கைப்பிடியைத் தவறவிட்டால் அடுத்தது அணை. ஓட்டத்தில் நீந்திக் கரையேறப் பழகாதவர்கள் பாலத்தின் மேல் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

நெல்லைப் பிள்ளைகளுக்கென்றே இரண்டு ஊர்களைச் சொல்ல வேண்டும். எந்தச் சுற்றுலா நிறுவனமும் சொல்லாது. ஒன்று ஹாலே, லைப்சிக்கிலிருந்து எஸ்-பானில் அரைமணி நேரத் தொலைவு. அங்கே 1698-இல் தொடங்கிய ஃப்ராங்கெ அறநிலையத்திலிருந்துதான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் தரங்கம்பாடி வேலைக்கு ஆதரவு வந்தது. தமிழ் அச்செழுத்துகள் அங்கே வார்க்கப்பட்டுத்தான் கப்பலேறின. அவருடைய தமிழ் இலக்கணம் 1716-இல் அச்சானதும் ஹாலேயில்தான். ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்க முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும், சும்மா போனால் பழைய அருங்காட்சி அறையை மட்டும் பார்க்கலாம். இன்னொன்று கால்வ், ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து நாகோல்ட் பள்ளத்தாக்கு ரயில். மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் 1893-இல் இறந்த ஊர், அவர் பேரன், எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸெ பிறந்த ஊர். குண்டர்ட் இந்தியாவுக்கு வந்த புதிதில் திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸோடு இருந்தவர். அந்த ரேனியஸ் 1838-இல் இறந்து அடக்கமானது நம் பாளையங்கோட்டையில். குண்டர்டின் கையெழுத்துச் சேகரம் ட்யூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, அதை இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் படிக்கும் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையைக் கால்வுக்கும் ட்யூபிங்கனுக்கும் ஒதுக்கலாம். திரும்பி வரும்போது பாளையங்கோட்டைக் கல்லறையையும் பார்த்துவிட்டுப் போனால் பயணம் முழுசாகும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். டாய்ச்லான்ட் டிக்கெட் கட்டணம் 2025, 2026 இரண்டு ஆண்டும் ஜனவரியில்தான் ஏறியது. விசாவுக்கு முடக்க வேண்டிய தொகையும் அவ்வப்போது மாறும். கல்விப் பக்கத்தில் ஜனவரியிலும் செப்டம்பரிலும் இந்த இரண்டு எண்களை மட்டுமாவது ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால் தென்மாவட்டப் பெற்றோர் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி வகுப்பு நடத்தும் வாசகர்கள்,
பாளையங்கோட்டை.